பங்களாக்காரருக்கு எதற்கு ரேஷன் அரிசி?

கேள்வி இது: "நான் மிதவாத இடதுசாரிக் கருத்துடையவன். ஏழைகளுக்கு அரசு உதவ வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் எங்கள் தெருவில் இரண்டு கார் வைத்திருக்கும் பங்களாக்காரரிடமும் ரேஷன் அட்டை இருக்கிறது. அவர் மனைவி விரும்பினால் நகரப் பேருந்தில் கட்டணமில்லாமல் போகலாம். இப்படிப்பட்டவர்களை விலக்கிவிட்டு, மிச்சமாகும் பணத்தை உண்மையான ஏழைகளுக்கு இரு மடங்காகக் கொடுப்பதுதானே சமூக நீதி? இதை இடதுசாரிகளே ஏன் எதிர்க்கிறார்கள்?"

எல்லா இடதுசாரிகளும் எதிர்க்கிறார்கள் என்பது சரியல்ல. மிதவாத இடதுசாரிக் கட்சிகளுக்குள்ளேயே எண்பது, தொண்ணூறு ஆண்டுகளாக அடிக்கடி வெடித்து, அமைச்சர்களைப் பதவி விலகச் செய்து, தேர்தல் முடிவுகளையும் பாதித்த விவாதம் இது. என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரிசி, பள்ளிச் சாப்பாடு, பேருந்து, மருத்துவம் ஆகியவற்றில் ஆள் பார்த்துக் கொடுப்பது தவறு. மாதந்தோறும் கையில் தரும் ரொக்கத்தில் ஆள் பார்ப்பதைத் தவிர்க்க முடியாத சூழல் நம் மாநிலங்களுக்கு உண்டு. ஆனால் அங்கும் பார்க்கும் முறையில்தான் நியாயமும் அநியாயமும் இருக்கின்றன. இந்த நிலைப்பாட்டுக்கு நான் வந்தது பங்களாக்காரர் மீதுள்ள கரிசனத்தால் அல்ல. அவரை விலக்குவதற்காக நாம் கட்டும் வேலி அவர் வீட்டு வாசலில் நிற்பதில்லை என்பதே காரணம்.

முதலில் "இரு மடங்கு" என்ற கணக்கைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 2 கோடியே 20 லட்சம் குடும்ப அட்டைகள் இருக்கின்றன. உங்கள் தெரு பங்களாக்காரரைப் போன்றவர்கள் இவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் என்று வைத்துக்கொண்டால், அவர்களை முழுவதுமாக விலக்கினாலும் மற்றவர்களுக்குக் கிடைக்கும் கூடுதல் ஐந்து விழுக்காட்டு அளவில்தான் இருக்கும். தொகை இரு மடங்காக வேண்டுமென்றால் பாதிப் பேரை விலக்க வேண்டும். அந்தப் பாதிக் கோடு பங்களாக்களுக்கும் குடிசைகளுக்கும் நடுவில் ஓடாது; ஆட்டோ ஓட்டுநருக்கும் தையற்காரருக்கும் நடுவில், பெட்டிக்கடைக்காரருக்கும் அவர் கடையில் வேலை பார்ப்பவருக்கும் நடுவில் ஓடும். அங்கே ஒருவரையொருவர் பிரித்துக் காட்டும் வருமான வேறுபாடு ஒரு மாத மருத்துவச் செலவில் தலைகீழாகிவிடக் கூடியது. செல்வந்தரை விலக்குவதாகத் தொடங்கும் ஒவ்வொரு திட்டமும் சேமிப்பு போதவில்லை என்றவுடன் இந்த இடத்திற்குத்தான் வந்து சேர்கிறது.

இந்தியா முழுவதற்குமான சோதனையே இதற்குச் சான்று. 1997இல் மத்திய அரசு பொது விநியோகத்தை "இலக்கு சார்ந்த" விநியோகமாக மாற்றியது. வறுமைக் கோட்டுக்குக் கீழே ஒரு விலை, மேலே வேறு விலை என்று ஆனது. எந்த மாநிலத்தில் எத்தனை ஏழைகள் என்பதைத் திட்டக்குழுவின் மதிப்பீடு முன்கூட்டியே முடிவு செய்தது. ஆட்களைத் தேடிப் பிடித்து அந்த எண்ணிக்கைக்குள் அடைக்க வேண்டியது மாநிலங்களின் வேலை. 2002இல் நடந்த கணக்கெடுப்பில் ஊரகக் குடும்பங்களுக்குப் பதின்மூன்று கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் பூச்சியம் முதல் நான்கு வரை மதிப்பெண். நிலம் எவ்வளவு, கழிப்பறை உண்டா என்பவற்றோடு, ஆளுக்கு எத்தனை துணி இருக்கிறது என்பதும் ஒரு கேள்வி. இரண்டு துணிக்குக் குறைவென்றால் பூச்சியம், பத்துக்கு மேலென்றால் நான்கு. கணக்கெடுக்க வந்தவர் கொடியில் காய்கிற துணியை எண்ணினாரா, கேட்டு எழுதிக்கொண்டாரா என்பது அவரவர் ஊருக்குத்தான் வெளிச்சம். விளைவு என்னவென்றால், 2004-05ஆம் ஆண்டின் தேசிய மாதிரி ஆய்வுத் தரவுகளின்படி, ஊரக இந்தியாவின் ஏழைக் குடும்பங்களில் ஏறத்தாழ பாதிக் குடும்பங்களிடம் வறுமைக் கோட்டுக்குக் கீழான அட்டை இல்லை. ஏழை அல்லாத பலரிடம் அது இருந்தது. பொருளியலாளர் ழான் திரேஸ் உள்ளிட்டோர் இதைத் தொடர்ந்து எழுதி வந்தார்கள்.

தகுதியற்றவர் உள்ளே வந்துவிடுவது ஒரு பிழை. தகுதியுள்ளவர் வெளியே நின்றுவிடுவது இன்னொரு பிழை. பொது விவாதத்தில் நாம் பெரும்பாலும் முதற்பிழையைத்தான் பேசுகிறோம், ஏனென்றால் அது கண்ணில் படுகிறது: கார் நிற்கிறது, அட்டையும் இருக்கிறது, ஒருவர் புகைப்படம் எடுத்துப் போடுகிறார். இரண்டாவது பிழைக்குப் புகைப்படம் இல்லை. கிடைக்காத அரிசியை யாரும் படம் எடுப்பதில்லை. முதற்பிழையைக் குறைக்க விதிகளை இறுக்கும்போதெல்லாம் இரண்டாவது பிழை கூடுகிறது என்பது எந்த நாட்டு நிர்வாகத்திலும் மாறாமல் காணப்படுவது. முறத்தைப் பலமாகப் புடைத்தால் பதரோடு சில மணியும் பறக்கும். எந்தப் பிழையைப் பொறுத்துக்கொள்வது என்பது கணக்குப் பிரச்சினை அல்ல, அரசியல் தேர்வு. பங்களாக்காரருக்கு இருபது கிலோ அரிசி போவதை நான் பொறுத்துக்கொள்வேன். தையற்காரர் வீட்டுக்குப் போகாமலிருப்பதைப் பொறுத்துக்கொள்ள மாட்டேன். நீங்கள் மாற்றிச் சொல்லலாம், ஆனால் இரண்டும் இல்லாத ஒரு வழி இருப்பதாகச் சொல்ல முடியாது.

தமிழ்நாடு 1997இன் மாற்றத்தை ஏற்கவில்லை. அனைவருக்குமான விநியோகத்தைத் தொடர்ந்தது. இடையில் ஒரு முறை தடுமாறியது. 2000களின் தொடக்கத்தில், மாத வருமானம் 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட குடும்பங்களின் அட்டையில் "எச்" என்று முத்திரை குத்தி அரிசியை நிறுத்தினார்கள். கௌரவ அட்டை என்று அதற்குப் பெயர். 2004 மக்களவைத் தேர்தலில் ஆளுங்கட்சி தமிழ்நாட்டின் 39 தொகுதிகளிலும் தோற்றது. அதற்குப் பல காரணங்கள் உண்டு என்றாலும், தேர்தல் முடிவு வந்த கையோடு அரசு திரும்பப் பெற்ற உத்தரவுகளுள் இந்த எச் முத்திரையும் ஒன்று. அதன்பின் எந்தக் கட்சியும் அந்தப் பக்கம் போகவில்லை. 2008இல் கிலோ ஒரு ரூபாய், 2011இல் விலையில்லா அரிசி என்று ஆட்சி மாறினாலும் திசை மாறவில்லை. 2016 நவம்பரில் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்தபோதும், சட்டத்தின் வரம்புக்குள் வராத குடும்பங்களுக்கான செலவை மாநிலமே ஏற்றுக்கொண்டு அனைவருக்கும் என்பதைக் காப்பாற்றிக்கொண்டது.

இப்போது வடிகட்டுவதன் செலவை யார் சுமக்கிறார்கள் என்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். 2023இல், குடும்பத் தலைவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பங்கள் பரிசீலிக்கப்பட்டு, பலருக்கு நிராகரிப்புக் குறுஞ்செய்தி வந்துகொண்டிருந்த வாரங்களில், எனக்குத் தெரிந்த ஒரு அம்மாவுக்குத் துணையாக ஒரு இ-சேவை மையத்திற்குப் போயிருந்தேன். அவர் காலையில் இட்லிக் கடை போடுபவர். மூன்று குடித்தனங்கள் இருக்கும் பழைய வீட்டில் பின்கட்டில் வாடகைக்கு இருக்கிறார். மூன்று குடித்தனத்துக்கும் ஒரே மின் இணைப்பு; வீட்டுக்காரர் யூனிட்டைப் பங்கு பிரித்து வசூலிக்கிறார். திட்டத்தின் நிபந்தனைகளில் ஒன்று, குடும்பத்தின் ஆண்டு மின் நுகர்வு 3,600 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது. விண்ணப்பத்தில் அவர் எழுதிக்கொடுத்த மின் இணைப்பு எண்ணோ மூன்று அடுப்பங்கரைகளுக்கும், மூன்று மின்விசிறிகளுக்கும், வீட்டுக்காரர் அறையில் ஓடும் ஏசிக்கும் சேர்த்துச் சொந்தமானது. கணினிக்கு அது ஒரே வீடு. "அந்த மீட்டர் என்னோடது இல்லப்பா" என்று அவர் கவுன்ட்டரில் இருந்த பையனிடம் மூன்று முறை சொன்னார். அவன் நல்ல பையன்தான், ஆனால் திரையில் அந்தப் பதிலை எழுதுவதற்குக் கட்டம் எதுவும் இல்லை. வருவாய்க் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யலாம் என்றான். அன்றைய கடை வருமானம் போயிற்று. வாடகை ஒப்பந்தம் கேட்டு வீட்டுக்காரரிடம் நிற்க வேண்டியதாயிற்று. அவரோ எழுத்தில் எதையும் தர விரும்பாதவர்.

இது ஒருவரின் துரதிர்ஷ்டம் என்று தள்ளிவிட முடியாது. அந்தத் திட்டத்திற்கு வந்த விண்ணப்பங்கள் ஏறத்தாழ 1 கோடியே 63 லட்சம். 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கியபோது ஏற்கப்பட்டவை 1 கோடியே 6 லட்சத்துக்குச் சற்று மேல். மேல்முறையீடுகளுக்குப் பின் நவம்பரில் மேலும் 7 லட்சத்து 35 ஆயிரம் பேர் சேர்க்கப்பட்டார்கள். முதல் வடிகட்டலில் தகுதியற்றவர்களாகச் சரிந்தவர்களில் இத்தனை பேர் தகுதியுள்ளவர்களே என்று அரசே சில வாரங்களில் ஒப்புக்கொண்டது என்பது இதன் பொருள். மேல்முறையீடு செய்யத் தெரியாதவர்கள், ஒரு நாள் வேலையை விட முடியாதவர்கள், குறுஞ்செய்தியைப் படித்துச் சொல்ல ஆள் இல்லாதவர்கள் இந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள். ஏழ்மை எவ்வளவு ஆழமோ அவ்வளவுக்கு இந்த மூன்றும் கூடுகின்றன. அதாவது, யாரை மிகவும் சென்றடைய வேண்டுமோ அவரையே வடிகட்டி முதலில் தடுக்கிறது.

பிரிட்டனின் தொழிலாளர் இயக்கம் இதை நேரடியாக அனுபவித்தே கற்றது. 1931இல், பெருமந்தத்தின் நடுவில், வேலையில்லாதோருக்கான உதவித்தொகைக்கு வீட்டு வருமானச் சோதனை கொண்டுவந்தார்கள். அதிகாரி வீட்டுக்கு வருவார். மகன் சம்பாதிக்கிறானா, மகள் எவ்வளவு தருகிறாள், வீட்டில் விற்கக்கூடிய சாமான் என்ன இருக்கிறது என்று பார்ப்பார். மகனின் கூலி தகப்பனின் உதவித்தொகையிலிருந்து கழிக்கப்பட்டது. தகப்பனுக்குத் தொகை குறையாமலிருக்க மகன் வீட்டை விட்டு வெளியேறி வேறிடத்தில் தங்கிய குடும்பங்கள் உண்டு. அந்தத் தலைமுறைக்கு "சோதனை" என்ற சொல்லே அவமானமாகிப்போனது. 1942இல் சமூகப் பாதுகாப்பு பற்றிய பெவரிட்ஜ் அறிக்கையும், 1945இல் அட்லீ தலைமையில் வந்த தொழிலாளர் கட்சி அரசும் அனைவருக்குமான திட்டங்களைத் தேர்ந்ததற்குப் பின்னால் இந்த வடு இருக்கிறது. 1948 ஜூலையில் இலவச மருத்துவத்துக்காகத் தொடங்கிய தேசிய நலச் சேவை பிரபுவுக்கும் சுரங்கத் தொழிலாளிக்கும் ஒரே வாசலைத் திறந்தது. மூன்றே ஆண்டுகளில், 1951 வரவு செலவுத் திட்டத்தில், நிதியமைச்சர் கெய்ட்ஸ்கல் பல்செட்டுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் கட்டணம் விதித்தார். அந்தச் சேவையைக் கட்டியெழுப்பிய அனைரின் பெவன் அமைச்சரவையிலிருந்து விலகினார். பார்வைக்கு அற்பமான தொகைதான். ஆனால் கட்டணம் வந்தால் விலக்கு வரும், விலக்கு வந்தால் யாருக்கு விலக்கு என்று கேட்க ஓர் அதிகாரி வருவார் என்பதைப் பெவனின் தலைமுறைக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அதே கட்சி 2024இல் பழைய பாடத்தை மறந்தது. 1997இல் தொழிலாளர் கட்சி அரசே தொடங்கிய குளிர்கால எரிபொருள் தொகை, ஓய்வூதிய வயதை எட்டிய எல்லாருக்கும் ஆண்டுக்கு 200 அல்லது 300 பவுண்டு வீதம் போய்க்கொண்டிருந்தது. கோடீஸ்வர முதியவர்களுக்கு எதற்கு என்ற, உங்கள் கேள்வியைப் போன்ற நியாயமான கேள்வியோடு, நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் 2024 ஜூலையில் அதை வறிய முதியோருக்கான துணைத்தொகை பெறுபவர்களுக்கு மட்டும் என்று சுருக்கினார். ஒரு கோடிக்கும் மேலிருந்த பயனாளர்கள் 15 லட்சம் என்ற அளவுக்கு விழுந்தார்கள். இங்கே கவனிக்க வேண்டியது கோடு எங்கே விழுந்தது என்பதை. தனியாக வாழும் முதியவருக்கு அந்தத் துணைத்தொகையின் வரம்பு வாரத்துக்கு 218 பவுண்டு சொச்சம். அதற்கு மேல் ஓரிரு பவுண்டு சிறு ஓய்வூதியம் பெற்றவர் எல்லாவற்றையும் இழந்தார். வரம்புக்குக் கீழிருந்தவர்களிலோ மூன்றில் ஒரு பங்கினர் அளவுக்கு அந்தத் துணைத்தொகைக்கு விண்ணப்பித்ததே இல்லை. விண்ணப்பத்தில் 200க்கும் மேற்பட்ட கேள்விகள். கோடீஸ்வரருக்கு 200 பவுண்டு போனதால் ஒரு கேடும் இல்லை. வீட்டுக் கணப்பை அணைத்துவிட்டுப் போர்வைக்குள் உட்கார்ந்தவர் இந்த இரண்டு வகையைச் சேர்ந்தவர்.

2025 மே மாத உள்ளாட்சித் தேர்தலில் கட்சி பலத்த அடி வாங்கியது. ஜூனில் அரசு பின்வாங்கியது. பின்வாங்கிய முறை சுவையானது: தொகை எல்லா முதியோருக்கும் மறுபடி தரப்படும், ஆண்டு வருமானம் 35,000 பவுண்டுக்கு மேற்பட்டவர்களிடமிருந்து வரித்துறை அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். பங்களாக்காரருக்கும் கொடுத்தாகிவிட்டது, அவரிடமிருந்து வாங்கியும் ஆகிவிட்டது. வறிய முதியவர் எந்தப் படிவத்தையும் தொடவில்லை. கொடுக்கும் இடத்தில் ஆள் பார்க்காதே, வாங்கும் இடத்தில் ஆள் பார் என்ற பழைய கோட்பாடுதான். வரித்துறையிடம் செல்வந்தரின் கணக்கு ஏற்கெனவே இருக்கிறது. ஏழையிடம் போய்ப் புதிதாகக் கணக்குக் கேட்க வேண்டிய தேவையே இல்லை.

அரசியல் காரணம் ஒன்றும் உண்டு. அதற்கு நமக்கு மிக அருகிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. இலங்கையில் உலகப் போர்க்காலத்தில் தொடங்கிய கூப்பன் அரிசி எல்லாக் குடும்பங்களுக்கும் கிடைத்தது. 1953இல் ஒரு கொத்து (அங்குள்ள படி அளவு) அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபோது, ஆகஸ்ட் 12 அன்று நாடே ஹர்த்தாலில் முடங்கியது. அமைச்சரவை போர்க்கப்பலில் கூடும் நிலை வந்தது, சில வாரங்களில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். கால் நூற்றாண்டு கழித்து, ஜே.ஆர். ஜெயவர்தன அரசு வேறு வழியில் வந்தது. 1978இல் கூப்பனைக் குறைந்த வருமானமுள்ள பாதி மக்களுக்கு மட்டும் என்று சுருக்கியது. 1979இல் அரிசிக்குப் பதிலாக ரூபாய் மதிப்பு எழுதிய உணவு முத்திரைகளைக் கொடுத்தது. ஹர்த்தால் எதுவும் நடக்கவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் விலைவாசி ஏற ஏற, முத்திரையில் எழுதிய ரூபாய் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. அதன் வாங்கும் சக்தி ஏறக்குறைய பாதியாகத் தேய்ந்தது. அப்போதும் 1953ஐப் போல நாடு திரளவில்லை. ஆசிரியரும் எழுத்தரும் கடைக்காரரும் வரிசையிலிருந்து போய்விட்டார்கள். எஞ்சியவர்களின் குரல் கொழும்பு வரை கேட்கவில்லை. எல்லாருக்கும் பொதுவாக இருந்தபோது ஒரே நாளில் நாட்டை நிறுத்திய அரிசி, ஏழைகளுக்கு மட்டும் என்றான பின் சத்தமில்லாமல் கரைந்தது.

சுவீடனைச் சேர்ந்த வால்டர் கோர்ப்பி, யோவாக்கிம் பால்மே என்ற இரு சமூகவியலாளர்கள் 1998இல் இதையே பல நாட்டுத் தரவுகளைக் கொண்டு வாதிட்டார்கள்: ஏழைகளை மட்டும் குறிவைக்கும் நாடுகள் ஏற்றத்தாழ்வைக் குறைப்பதில் பின்தங்குகின்றன, ஏனென்றால் அந்த நாடுகளில் செலவிடப்படும் மொத்தத் தொகையே சுருங்கிவிடுகிறது. இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். பிற்கால ஆண்டுகளின் தரவுகளை வைத்துச் செய்த ஆய்வுகளில் இந்தத் தொடர்பு வலுவிழந்து காணப்பட்டது. பிரேசிலில் அதிபர் லூலா 2003இல் தொடங்கிய குடும்ப உதவித்தொகை வருமானம் பார்த்தே தரப்படுவது. ஆனாலும் அது ஆட்சி மாற்றங்களைத் தாண்டி நிலைத்தது. அதற்குக் காரணம் அது மக்கள்தொகையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரைத் தொட்டது என்பதே என்று நான் கருதுகிறேன். வேலி வெகு தொலைவில் இருந்தால் உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கையே ஒரு காவல்.

இனி, என்னைப் போன்ற "எல்லாருக்கும்" கட்சிக்காரர்கள் வசதியாக மறந்துவிடும் இடத்துக்கு வருகிறேன். கொடுத்துவிட்டு வரியாக வாங்கிக்கொள் என்று லண்டனில் சொல்லலாம். சென்னையில் சொல்ல முடியாது. வேளாண் வருமானம் நீங்கலான வருமானத்தின் மீது வரி போடும் அதிகாரம் அரசமைப்புச் சட்டப்படி ஒன்றியத்திடம் இருக்கிறது, மாநிலத்திடம் இல்லை. பங்களாக்காரருக்குத் தமிழ்நாடு அரசு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுத்தால், அதைத் திரும்பப் பெற அதனிடம் நேரடிக் கருவி ஏதும் இல்லை. மாநிலத்தின் சொந்த வருவாய் ஜிஎஸ்டியின் மாநிலப் பங்கு, பெட்ரோல், டீசல், மது, பத்திரப் பதிவு, வாகன வரி என்று வருகிறது. இவற்றில் பலவும் ஏழையிடமும் செல்வந்தரிடமும் ஒரே விகிதத்தில் வாங்குபவை. மதுக்கடையில் ஒரு கூலித் தொழிலாளி கட்டிய வரியைப் பங்களா வீட்டு அம்மாவுக்கு ரொக்கமாகக் கொடுப்பதை எந்த இடதுசாரி நியாயத்தாலும் தாங்கிப் பிடிக்க இயலாது. கணக்கும் பெரியது: ஆண்டுக்கு 12,000 ரூபாய் வீதம் 2 கோடியே 20 லட்சம் அட்டைகளுக்கும் என்றால் 26,000 கோடி ரூபாயைத் தாண்டும். இந்த வகையில், 2021இல் "குடும்பத் தலைவிகளுக்கு" என்று தரப்பட்ட வாக்குறுதி 2023 வரவு செலவுத் திட்டத்தில் "தகுதி வாய்ந்த" என்ற அடைமொழியோடு வந்ததை நான் வெறும் ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். வருமான வரி விதிக்க முடியாத அரசு, தகுதி விதியை வரிக்கு மாற்றாகப் பயன்படுத்திக்கொண்டது. கருவி முரடானது, அதைத்தான் இட்லிக் கடை அம்மாவின் மீட்டரில் பார்த்தோம்.

பொருளிலும் சேவையிலும் நிலைமை வேறு. அங்கே வடிகட்டி தனியாகத் தேவையில்லை, பொருளே வடிகட்டுகிறது. 2021 மே மாதம் முதல் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மட்டும்தான். சொகுசுப் பேருந்தில் இல்லை, குளிரூட்டிய பேருந்தில் இல்லை. உங்கள் பங்களாக்காரரின் மனைவிக்கு உரிமை இருக்கிறது. காலை எட்டரை மணிக்குப் படியில் தொங்கும் கூட்டத்தில் ஏறி அதை அவர் பயன்படுத்தப் போவதில்லை. ரேஷனிலும் அப்படித்தான். அரிசி வேண்டாதவர்கள் சர்க்கரை அட்டைக்கு மாறிக்கொள்ளலாம். எந்தப் பொருளும் வேண்டாதவர்களுக்கும் தனி அட்டை உண்டு. யாரும் வீட்டுக்கு வந்து துணியை எண்ணவில்லை, லட்சக்கணக்கானோர் தாமாகவே ஒதுங்கியிருக்கிறார்கள். ஆனால் பொங்கல் பரிசில் ரொக்கம் சேர்ந்து, அது அரிசி அட்டைக்குத்தான் என்றானபோது நடந்ததைப் பாருங்கள். சர்க்கரை அட்டையை அரிசி அட்டையாக மாற்றிக்கொள்ள 2019 நவம்பரில் அரசு வாய்ப்பளித்ததும் பலர் மாறிக்கொண்டார்கள். இருபது கிலோ அரிசிக்கு வராதவர்கள் ஆயிரம் ரூபாய்க்கு வந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ரொக்கத்துக்கு முகம் தெரியாது, நெடியும் கிடையாது. அது எல்லாருக்கும் ஒரே தரத்தில் கிடைக்கிறது. பொருளுக்கும் ரொக்கத்துக்கும் ஒரே விதியைப் பூட்டக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

இந்தத் தானியங்கி வடிகட்டியிலும் ஓர் ஆபத்து உண்டு. வசதியுள்ளவர்கள் தாமாகவே ஒதுங்கிவிட்டால், தரத்தைப் பற்றிச் சண்டை போட ஆள் குறைகிறது. நடுத்தர வர்க்கம் விட்டுப் போன பின் அரசுப் பள்ளிகளுக்கு என்ன நேர்ந்தது என்பதை நாம் ஒரு தலைமுறையாகப் பார்த்துவிட்டோம். ஏழைகளுக்கு மட்டுமான சேவை ஏழ்மையான சேவையாகிவிடும் என்று பிரிட்டனின் சமூகக் கொள்கை அறிஞர் ரிச்சர்ட் டிட்மஸ் எச்சரித்தது சட்டத்தால் ஒதுக்கப்பட்ட சேவைகளை எண்ணி. அது தாமாக ஒதுங்கியவர்கள் விட்டுச்சென்ற சேவைகளுக்கும் பொருந்துகிறது. ரேஷன் கடை ஓரளவு தப்பித்திருப்பதற்கு என்னிடம் ஒரு விளக்கம் இருக்கிறது, அதை ஊகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்: பாமாயிலும் துவரம் பருப்பும். 2007 முதல் சிறப்பு விநியோகத்தில் வரும் இந்த இரண்டுக்காகவும் சர்க்கரைக்காகவும் நடுத்தரக் குடும்பங்கள் இன்னமும் அந்த வரிசைக்கு வருகின்றன. வந்தவர்கள் கடை பூட்டியிருந்தால் கேட்கிறார்கள், எடை குறைந்தால் சத்தம் போடுகிறார்கள், "இருப்பு இல்லை" என்ற பலகையைப் படம் எடுத்து அனுப்புகிறார்கள். அரிசியை வாங்கும் சில வீடுகளில் அது நேராக இட்லி மாவுக்குப் போகிறது என்பதும், மூட்டை மூட்டையாக எல்லை தாண்டிப் போகும் கடத்தலும் இருக்கிறது என்பதும் உண்மை. கடத்தலைப் பிடிக்கக் கடையையும் கிடங்கையும் லாரியையும் பார்க்க வேண்டும். அட்டைக்காரரின் வருமானத்தைப் பார்த்துக் கடத்தலைப் பிடித்த மாநிலம் எதையும் நான் அறியேன்.

பள்ளிக்கூடத் தட்டில் இந்த வாதம் முற்றிலும் எளிதாகிவிடுகிறது. 1956இல் காமராஜர் காலத்தில் வந்த மதிய உணவை 1982இல் எம்.ஜி.ஆர். விரித்ததால் வந்த சத்துணவும், 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவும் ஒரே பந்தியில் பரிமாறப்படுகின்றன. வருமானச் சான்று காட்டிய குழந்தைகள் ஒரு வரிசை, மற்றவர்கள் இன்னொரு வரிசை என்று உட்கார வைத்தால், உண்மையிலேயே பசியோடு வந்த குழந்தை முதல் வாரத்திலேயே "எனக்குப் பசிக்கல" என்று சொல்லக் கற்றுக்கொள்ளும். எல்லாருக்கும் பொதுவான பேருந்திலேயே "ஓசி" என்ற சொல் எவ்வளவு சுட்டது என்பதை 2022இல் ஓர் அமைச்சரின் மேடைப் பேச்சுக்குப் பின் எழுந்த சினத்தில் கண்டோம். பொதுவாக இருக்கும்போதே இப்படியென்றால், ஏழைக்கு மட்டும் என்று எழுதி ஒட்டினால் என்ன ஆகும்?

ஆகவே உங்கள் கேள்விக்கு நடைமுறையில் நான் கேட்கும் மாற்றங்கள் ரொக்கத் திட்டம் சார்ந்தவையே. விண்ணப்பிப்பவர் தம் ஏழ்மையை நிறுவ வேண்டும் என்பதை மாற்றி, எல்லாரும் உள்ளே என்று தொடங்கி, வருமான வரி செலுத்துவோர், அரசு ஊழியர், கார் உரிமையாளர் என்று அரசிடமே உறுதியான பதிவுள்ளவர்களை மட்டும் அரசு தன் செலவில் கழிக்க வேண்டும். மின்சார யூனிட்டைப் போன்ற மறைமுக அளவுகோல்களைக் கைவிட வேண்டும்; அவை வீட்டை அளக்கின்றன, குடும்பத்தை அல்ல. நிராகரிக்கும் செய்தியில் எந்தப் பதிவின் அடிப்படையில் என்பது தமிழில் தெளிவாக இருக்க வேண்டும், அதை மறுப்பதற்குத் திரையில் ஒரு கட்டமாவது இருக்க வேண்டும். தொகை விலைவாசியோடு சேர்ந்து உயர வேண்டும் என்பதைத் திட்டத்திலேயே எழுத வேண்டும். இல்லையென்றால் இலங்கையின் முத்திரைக்கு நேர்ந்ததுதான் இதற்கும் நேரும். 2023இல் ஆயிரம் ரூபாய்க்கு என்ன வாங்க முடிந்தது என்று இப்போதே எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

உங்கள் தெரு பங்களாக்காரரின் அட்டை எந்த வகை என்று ஒரு நாள் கேட்டுப் பாருங்கள். முகவரிச் சான்றுக்காக அலமாரியில் கிடக்கும், எந்தப் பொருளும் இல்லாத அட்டையாகக்கூட அது இருக்கலாம். அவர் வீட்டில் பாத்திரம் துலக்கும் அம்மாவின் அட்டையையும் கேளுங்கள். அதில் பெயர் விடுபட்ட பிள்ளை யாராவது இருந்தால், சேர்ப்பதற்கான விண்ணப்பத்தை நீங்களே உட்கார்ந்து பதிவேற்றிக் கொடுக்கலாம்.